காலிக் கூண்டில் ஒன்பது கிராம்

எலியே இல்லாத கூண்டில் ஒன்பது கிராம் சாராயம் குறைந்திருந்தது.

தராசை ஒருமுறை அணைத்துப் போட்டேன். பாட்டிலைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதே ஒன்பது. தராசின்மேல் எனக்குச் சந்தேகம் வராது. பத்து வருடமாக அதோடுதான் குடித்தனம். அதனால்தான் இங்கே எல்லோரும் என்னை ‘கிராம்’ என்று கூப்பிடுகிறார்கள். சந்தேகப்பட வேண்டிய ஆள் அந்த அறையில் ஒருத்தன்தான் இருந்தான். அது நான்.

மறைக்க ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன். நான் குடித்தவன். கல்யாணம் காட்சிக்கு ஒரு வாய் என்கிற ரகம் இல்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே தேடுகிற ரகம். விட்டு அன்றோடு ஏழு மாதம் நான்கு நாள். விட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கால் தானாக ஆடுகிறது. பேனாவைத் தட்டித் தட்டி மாதத்துக்கு மூன்று ஸ்பிரிங்கைத் தொலைக்கிறேன். இப்படிப்பட்டவனுக்கு வேலை என்னவென்றால், ஆராய்ச்சிக் கூடத்தில் பன்னிரண்டு எலிகள் தினமும் எவ்வளவு குடிக்கின்றன என்று நிறுத்து எழுதுவது. கடவுளுக்கு என்மேல் தனி அக்கறை உண்டு போல.

ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில் தலைகீழாகத் தொங்கும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் தண்ணீர் கலந்த சாராயம். எது வேண்டுமோ அதை எலி நக்கிக் குடிக்கலாம். மறுநாள் காலையில் பாட்டிலை நிறுத்துப் பார்த்து, குறைந்ததை எழுத வேண்டும். ஆனால் பாட்டில் தானாகவும் கொஞ்சம் சொட்டும், ஆவியாகும். அந்தக் கழிவைத் தெரிந்துகொள்ளத்தான் பதின்மூன்றாவதாக எலி இல்லாத ஒரு காலிக் கூண்டு. அதிலும் இரண்டு பாட்டில். வழக்கமாக அரை கிராம் குறையும், அவ்வளவுதான். அன்றைக்கு ஒன்பது.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்குள் மேடம் உள்ளே வந்துவிட்டார். மேடம்தான் இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கோபம் மட்டும் பெரிது. தராசின் எண்ணைப் பார்த்தார். பிறகு கூண்டின் எண் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது காலிக் கூண்டுதானே?”

“ஆமா மேடம்.”

“ஒன்பது கிராம் எங்க போச்சு?”

“தெரியல மேடம். நான் தொடல.”

“நான் உங்கள ஒண்ணும் சொல்லல.”

சொல்லியிருந்தால் பரவாயில்லை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். என் மாமனார், முந்தைய வேலையின் மேனேஜர், மளிகைக் கடைக்காரர் எல்லோரும் அதே பார்வையைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மேடம், ஒன்பது கிராம்னா ரெண்டு ஸ்பூன். நான் குடிச்ச காலத்துல அது வாய் கொப்பளிக்கக்கூடப் பத்தாது.”

அவர் சிரிக்கவில்லை. “கிராம், நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் இந்த ரிசல்ட்டைச் சொல்லப் போறேன். யாரோ பாட்டில்ல கை வெச்சிருந்தாங்கன்னா மூணு வார நம்பரையும் நம்ப முடியாது. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

வேலை போவதுகூடப் பிறகு. விஷயம் வீட்டுக்குப் போனால் என் மனைவி என்ன செய்வாள் என்பதுதான் என் பயம். ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். “இன்னொரு தடவைன்னா, இதைத் தூக்கிட்டுப் பொண்ணோட எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், கூப்பிட வராதீங்க.” பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கூட்டும்போது அதை நகர்த்திக் கூட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைக்கிறாள்.

தினமும் சாயங்காலம் நான் கதவைத் தட்டினால், திறந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டுவாள். “மங்கலா இருக்கு, கொஞ்சம் ஊதிக் குடுங்க.” நான் ஊதுவேன். துடைப்பதற்கு முன்னால் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மங்கல் போயிற்றா என்று பார்ப்பாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மருந்தைப் பற்றி முதலில் அவளிடம்தான் சொன்னேன். மேடம் ஒருநாள் டீ குடிக்கும்போது எனக்கு விளக்கியிருந்தார். முட்டை, பால், பருப்பு இவற்றிலெல்லாம் டிரிப்டோஃபான் என்று ஒரு சத்து இருக்கிறது. உடம்பு அதை உடைக்கும்போது பெரும்பகுதி கைனுரெனின் என்ற பொருளாகிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதையில் போனால் கைனுரெனிக் அமிலம், இன்னொன்றில் போனால் வேறு ஏதேதோ. மேடத்தின் மருந்து அந்த இரண்டாவது பாதையை அடைக்கிறது. அப்போது மூளையில் அமிலம் கூடும். குடித்தவுடன் மூளையில் டோபமின் ஏறுகிறதே, ‘இன்னும் கொஞ்சம் ஊற்று’ என்று பிடுங்குகிறதே, இந்த அமிலம் கூடினால் அது அடங்கும் என்பது மேடத்தின் எதிர்பார்ப்பு.

“குடிச்சா மண்டைக்குள்ள ஒரு மணி அடிக்குதுன்னு வெச்சுக்கோ. இது அந்த மணியோட நாக்குல துணியைச் சுத்தி விட்டுடும். குடிச்சாலும் அடிக்காது. அடிக்கலன்னா எதுக்குக் குடிக்கணும்?” என்று என் மனைவிக்குச் சொன்னேன்.

“நல்லாத்தான் இருக்கு. எலிக்கு வந்துடுச்சு, உங்களுக்கு எப்ப வரும்?”

“எல்லாம் சரியாப் போனா பத்து வருஷமாம்.”

“அப்ப பத்து வருஷம் நான் கண்ணாடி போட்டுக்கணும்” என்றாள். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் என்னிடம் விளையாட்டாகப் பேசினாள். அதற்காகவே அந்த மருந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மூன்று வாரமாக ரிசல்ட்டும் அப்படித்தான் வந்தது. ஆறு எலிக்குச் சிவப்பு அட்டை, ஆறு எலிக்கு நீல அட்டை. ஒரு கூட்டத்துக்கு மருந்து ஊசி, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. எது எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. விவரம் ஒட்டிய கவரில், மேடத்தின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆனால் நீல எலிகள் குடிப்பது முதல் வாரத்திலிருந்தே குறைவு. சிவப்பு எலிகள் என் பழைய சிநேகிதர்கள் மாதிரி இழுத்துத் தள்ளின. கவரைப் பிரிக்காமலே நீலம்தான் மருந்து என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். காலையில் உள்ளே போனதும் நான் முதலில் நிறுப்பது நீலத்தைத்தான். நீல எலி ஒன்று கொஞ்சம் கூடக் குடித்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

மேடம் போன பிறகு, ஒரு ஸ்டூலை இழுத்துக் காலிக் கூண்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். எலி இருட்டில்தான் குடிக்கும் என்பதால் அந்த அறையில் பகல் முழுக்க இருட்டு. சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அந்த வெளிச்சம் எலியின் கண்ணை உறுத்தாது. மணி பத்து. பாட்டிலை நிறுத்து மாட்டினேன். வைத்த கண் வாங்காமல் அதன் மூக்கையே பார்த்தேன். ஒன்றும் சொட்டவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. பேனாவைத் தட்டினேன். பக்கத்துக் கூண்டு எலி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்ச் சாராயத்தை நக்கியது. எனக்கு அதன்மேல் வந்த பொறாமையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பத்தே காலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏசியின் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சொட்டு.

ஒன்று. பிறகு இன்னொன்று. கையைக் கீழே நீட்டினேன். மூன்று, நான்கு, ஐந்து. மோட்டார் நின்றதும் சொட்டுவதும் நின்றது. உள்ளங்கையில் ஒரு சின்னக் குட்டையாக அது நின்றது.

ஏழு மாதம் நான்கு நாளுக்குப் பிறகு அது என் உடம்பைத் தொட்டது அப்போதுதான். அளக்கும்போது எப்போதும் கையுறை போட்டிருப்பேன். அன்றைக்குக் கோபத்தில் கழற்றி எறிந்திருந்தேன். வாசனை மூக்கில் ஏறியது. வாய்க்கும் கைக்கும் ஒரு சாண் தூரம். அறையில் யாரும் இல்லை. யாரும் பார்க்காமலே பழி ஏற்கெனவே என்மேல் விழுந்தாயிற்று, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதை விடச் செய்துவிட்டு வாங்கினால் என்ன என்று உள்ளே ஒருவன் பேசினான். அவன் நன்றாகப் பேசுவான், வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. கை நடுங்கி நடுங்கி எல்லாம் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் ஓடிவிட்டது. நான் ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். கை நடுக்கம் காப்பாற்றியது.

கூண்டு கழுவும் அண்ணன் அப்போதுதான் வாளியோடு உள்ளே வந்தார்.

“என்னடா தம்பி, காலிக் கூண்டுக்குத் தாலாட்டா?”

“அண்ணே, இந்தக் கூண்டு இடது கோடியிலதான இருக்கும்? இங்க எப்படி வந்துது?”

“நேத்து ரேக்கைத் துடைக்கறப்ப நான்தான் இந்த வலது கோடியில செருகினேன். இடம் இருந்துது. ஏன்?”

ரேக்கின் வலது ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். அது சுவரோடு ஒட்டி நின்றது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மோட்டார். மோட்டார் ஓடும்போது வலது பக்கக் கூண்டுகளின் கம்பியெல்லாம் விரலில் கூசுகிற அளவுக்கு அதிர்ந்தது. தண்ணீர் பாட்டில் கொஞ்சம் தாக்குப் பிடித்தது. சாராயம் தண்ணீரைப் போலப் பிடித்துக்கொண்டு நிற்காது, சட்டென்று இறங்கிவிடும். இடது பக்கம் போய்த் தொட்டேன். அங்கே அசைவே இல்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். தப்பித்தேன் என்று ஸ்டூலைவிட்டு எழுந்தேன். எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அதிர்கிற வலது பக்கத்தில் இருந்த ஆறு கூண்டுகளும் சிவப்பு.

சிவப்பு எலிகள் இழுத்துத் தள்ளவில்லை. அவற்றின் பாட்டில் சொட்டியிருக்கிறது. கூண்டுகளுக்கு அடியில் மரத்தூள் ஈரமாக இருந்தது. மூத்திரம் என்று நினைத்து மூன்று வாரமாக அள்ளிக் கொட்டியிருக்கிறேன். நீல எலிகள் குறைவாகக் குடித்ததாக நாங்கள் கொண்டாடியது எல்லாம் அவை இருந்த பக்கம் அதிரவில்லை என்பதால்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சிவப்பையும் நீலத்தையும் மாறி மாறி வைக்க வேண்டும் என்பதுதான் மேடத்தின் உத்தரவு. ஒரு பக்கத்துக் குறை ஒரு கூட்டத்தை மட்டும் பாதிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. மூன்று வாரத்துக்கு முன்னால் புது ரேக் வந்தபோது, அதை மாற்றியவன் நான். ஏனென்றால் அந்தச் சிவப்பு விளக்கில் சிவப்பு அட்டை வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு கூண்டிலும் எண் எழுதிய வெள்ளை அட்டையும் உண்டு. எது எது என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, என்றைக்காவது எலியை மாற்றி எடுத்துக் கொடுத்து மேடம் தப்பான ஊசியைப் போட்டுவிட்டால்? அதற்குப் பயந்து சிவப்பை எல்லாம் வலது பக்கம், நீலத்தை எல்லாம் இடது பக்கம் வைத்தேன். தப்பே வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. என்னைவிட அக்கறை இல்லாதவன் ஒருத்தன் இருந்திருந்தால் ஆராய்ச்சி பிழைத்திருக்கும்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தாடையைச் சொறிந்தார்.

“இதுக்குப் போயி ஏன்டா மண்டையை உடைச்சிக்கறே? துடைக்கறப்ப காலிக் கூண்டு பாட்டில நான் தட்டிட்டேன், கொட்டிடுச்சுன்னு மேடத்துகிட்ட நான் சொல்லிடறேன். என்னைய என்ன பண்ணப் போறாங்க? உன் மேல பழி போயிடும். அவங்க கூட்டமும் நடக்கும். மெதுவா ஒருநாள் கூண்டெல்லாம் மாத்தி வெச்சிடு.”

அவர் நல்ல மனுஷர், மனசாரத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. என் வேலை இருக்கும். மேடத்துக்கு நாளைக்குக் கைதட்டல் கிடைக்கும். மருந்தும் இருக்கும், அதுதான் முக்கியம். வீட்டில் அந்தப் பத்து வருடக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் நல்லது.

அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். கதவுவரை போனேன், வந்தேன். நீல எலி ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தது. எனக்குத் திடீரென்று அழுகை வந்தது. பத்து வருடம் கழித்து ஒருநாள், தாங்க முடியாத ஒருநாள், நான் அந்த மருந்தை வாயில் போட்டுக்கொள்வேன். அது வேலை செய்யாது. ஏனென்றால் அது ஏசி மோட்டாரால் வந்த ரிசல்ட் என்று உலகத்திலேயே எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். பொய் மருந்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பொய்யாகவே விடுவதற்கு எனக்கு மருந்தே வேண்டாம், இருபது வருடம் அப்படித்தானே விட்டுக்கொண்டிருந்தேன்.

“வேணாம்ணே” என்று சொல்லிவிட்டுப் போய் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மோட்டார் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை. கையில் பேப்பரை வைத்துக்கொண்டு சிவப்புக் கூண்டுகளில் விழுந்த சொட்டுகளை எண்ணினார். நான் பின்னால் நின்றுகொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன்.

“மாத்தி மாத்தித்தான வைக்கச் சொன்னேன். யார் இப்படி வெச்சது?”

“நான்தான் மேடம்.” விளக்கையும் அட்டையையும் காட்டிக் காரணத்தைச் சொன்னேன்.

“மூணு வாரம் கிராம்! மூணு வாரம்!” பேப்பரைக் கசக்கித் தரையில் எறிந்தார். பிறகு தானே குனிந்து எடுத்துக்கொண்டார். “மருந்துல விஷயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த நம்பரை வெச்சு எதுவுமே சொல்ல முடியாது. கவரைப் பிரிக்கப் போறதில்ல. புதுசா பன்னிரண்டு எலி, முதல்லேருந்து.”

“நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்வீங்க மேடம்?”

“ரேக் ஆடுதுன்னு சொல்வேன். வேற என்ன சொல்ல?” எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். “காலையில நான் பார்த்த பார்வை...” என்று தொடங்கி முடிக்காமல் நிறுத்தினார். பிறகு மூக்கைச் சுளித்தார். “உங்க சட்டையெல்லாம் நாறுது. நான் வேணும்னா வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா?”

“வேணாம் மேடம்” என்றேன். எனக்காக இன்னொருத்தர் போன் பண்ணி, ‘அவர் குடிக்கலைங்க’ என்று சொன்னதெல்லாம் போன ஜென்மத்திலேயே நிறைய ஆகிவிட்டது. அவர்கள் சொன்ன நாளில் எல்லாம் நான் குடித்திருந்தேன்.

அன்று மாலை வரை கூண்டு கூண்டாகப் பாட்டிலைக் கழற்றி ஊற்றியதில் இன்னும் நனைந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து போய் நின்றுகொண்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தன் மட்டும், இனத்தான் என்கிற பாசத்தோடு சிரித்தான். வீடு இருக்கும் தெருவுக்குள் நுழைந்தேன். திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

கதவைத் தட்டினேன். என் மனைவி திறந்தாள். வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினாள். அதற்குள் நாற்றம் அவளை எட்டிவிட்டது. கை பாதியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றவில்லை.

“பாப்பா, உள்ள போ” என்று மகளிடம் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“குடிக்கல. சத்தியமா குடிக்கல. கேளு. எலி இல்லாத கூண்டுல ஒன்பது கிராம் குறைஞ்சிருந்துது...” என்று தொடங்கினேன். ஏசி மோட்டார், ஆடுகிற ரேக், சிவப்பு விளக்கில் வெள்ளையாகத் தெரியும் அட்டை, நடுங்கிய கை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எப்படி இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் மேலே கொட்டிவிட்டான், ஆபீசில் யாருக்கோ பிறந்த நாள், இருமல் மருந்து என்று நான் அந்த வாசலில் நின்று சொன்ன பொய்கள் எல்லாம் இதைவிட நம்பும்படி இருந்தன. நான் சொன்னதிலேயே கேவலமான பொய்யாகக் கேட்டது அந்த உண்மைதான்.

அவள் திரும்பிக் கட்டில் இருக்கும் அறையைப் பார்த்தாள். பெட்டியைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“அப்ப அந்த மருந்து?” என்று கேட்டாள்.

“இல்ல. வேலை செய்யுதுன்னு நினைச்சதெல்லாம் சொட்டினதுதான். மறுபடி முதல்லேருந்து பார்க்கணும். வேலை செய்யுமோ செய்யாதோ தெரியாது.”

“அதை மேடத்துகிட்ட யார் சொன்னா?”

“நான்தான்.”

“நீங்களே போயா?”

“ஆமா. கூண்டு கழுவற அண்ணன் மறைச்சிடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன்.”

அந்த மருந்து எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது நீல எலிகளின் கணக்கைத் தினமும் கேட்டவள் அவள்தான். கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். ஊதினேன். ஒரு பக்கம்தான் மங்கியது. அவள் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. அப்படியே துணி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“பத்து வருஷம்னு சொன்னீங்களே. இனிமே எத்தனை?”

“தெரியல. வராமலே போனாலும் போகலாம்.”

“வராட்டி போகட்டும், எனக்குக் கண்ணாடி பழகிடுச்சு” என்றாள். “வாசல்லயே சட்டையக் கழட்டுங்க, நாத்தம் குடலைப் புடுங்குது.”

கழற்றிக் கொடுத்தேன். இரண்டு விரலால் அதைத் தூக்கிக்கொண்டு போய் வாளியில் போட்டாள். பிறகு அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் கையில் பெட்டி இல்லை. ஏழு மாதமாக அதற்குள் மடிந்து கிடந்த அவளுடைய புடவைகள் இருந்தன. அவற்றையும் அதே வாளியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.